பொன்னுருக்குக்குப் பிறகு வந்த சமன்பாடு

எனக்குக் கோபம் வருவதற்கு அதிக நேரம் தேவைப்படாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கொச்சிக்காய், உறைக்கிற மிளகாய். நான் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கடைசி வாங்கிலிருந்து அந்தப் பெயர் காதில் விழும். திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். பெயர் பொருத்தமாக இருப்பதால் நானும் பேசாமல் விட்டுவிடுவேன்.

முப்பது வயதில் எனக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் வீதக் கணக்கால் குழம்பியது. மாப்பிள்ளையின் சித்தப்பா முன் விறாந்தைக் கதிரையில் சாய்ந்திருந்து, "பத்துப் பொருத்தத்திலை ஏழரை எண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார். எண்பது வீதம் பொருத்தம்!" என்று கையைத் தட்டினார். நான் குசினியிலிருந்து தேநீர்த் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தேன். "எழுபத்தைஞ்சு" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். அம்மா அதை ஒத்துக்கொள்வதில்லை. ஒழுங்கை முகப்பு வரை கேட்டது என்பார். வந்தவர்கள் தேநீரைக் குடித்தார்கள், போனார்கள், பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஊரில் இன்றைக்கும் அந்த எழுபத்தைந்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் ஒவ்வொரு காரணத்தால் போயின. முப்பத்தைந்து வயதில் நான் கலியாணத்தைப் பற்றி நினைப்பதை விட்டிருந்தேன். அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு நீர்வேலியில். அப்பாவுக்கு வாழைத்தோட்டம். குலைகளை ஏற்றிப் போகக் கொடிகாமத்திலிருந்து ஒருவர் சின்ன லொறியில் வருவார். கொடிகாமம் சந்தையில் மரக்கறியும் பழமும் மொத்தமாக எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். என்னைவிட மூன்று வயது மூத்தவர். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பல்கலைக்கழகம் போகக் கொஞ்சப் புள்ளி போதாமல் நின்றவர். ஒருநாள் அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், உந்தக் கொடிகாமத்துப் பெடியனைப் பிள்ளைக்குக் கேட்டுப் பாத்தால் என்ன?"

"உவருக்கு டிகிரி இல்லையே. பிள்ளை எல்லோ படிச்சிருக்கிறாள்."

"குலையைத் தூக்கேக்கை காம்பு முறியாமல் தூக்குறான். அது போதாதே?"

அப்பாவின் அளவுகோல் அவ்வளவுதான். அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துப் புருசன்மார் பெண்சாதியைக் கூப்பிடுகிற மாதிரி நாற்பது வருடமாக "இஞ்சாரும்" தான். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே அப்பாவுக்குப் பசியா, கோபமா, சந்தோசமா என்று அம்மா சொல்லிவிடுவார்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது கோயிலில். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததாக ஒரு பாவனை. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம் என்று அவரவர் வழியில் போய்விடலாம். யாருக்கும் வெட்கமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையார் கோயில் கேணியடியில் எங்கள் இருவருக்கும் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் மடைப்பள்ளிப் பக்கம் போய் நின்று, எங்களைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "நீங்கள் கணிதம் படிப்பிக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். ஒரு கணக்குக் கேக்கலாமோ?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. என்னைச் சோதிக்க வந்திருக்கிறாரா? கேளுங்கள் பார்ப்போம் என்ற மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

"ரெண்டு எண். கூட்டினால் அஞ்சு. முதலாவதின்ரை தலையிலை ரெண்டாவதை வலுவாய் வைக்கிறம், ரெண்டாவதுக்கு முதலாவதை வலுவாய் வைக்கிறம். வாறதைக் கூட்டினால் பதினேழு."

அவர் வாயை மூடுவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "இரண்டும் மூண்டும். எட்டும் ஒன்பதும் பதினேழு."

"வேறை?"

"வேறை என்ன?"

"முதலாவது மூண்டு, ரெண்டாவது ரெண்டு."

"அது அதேதானே!"

"முதல் ஆளும் ரெண்டாம் ஆளும் இடம் மாறினால் அது வேறை விடைதானே ரீச்சர்?"

சொன்னது சரி. என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். மடைப்பள்ளிப் பக்கத்திலிருந்து அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சந்தையில் பத்து மணிக்குப் பிறகு வேலை குறைவு என்றும், நிறை எழுதும் தராசுத் துண்டுகளின் பின்பக்கத்தில் கணக்குச் செய்வது தன் பழக்கம் என்றும் அவர் சொன்னார். அதிலும் மாறியின் தலைமேல் மாறி ஏறி நிற்கும் ஒருங்கமை சமன்பாடுகள்தான் அவருக்குப் பிடித்தவை. ஏன் என்று கேட்டேன்.

"மற்றக் கணக்குகளுக்கு ஒரு வழி இருக்கு. படிச்சால் செய்யலாம். உதுக்கு அப்பிடி ஒரே வழி இல்லை. ஒவ்வொண்டையும் அதின்ரை குணத்தைப் பாத்துத்தான் பிடிக்க வேணும். ஒரு விடை கிடைச்சிட்டுது எண்டு எழும்பிப் போகவும் ஏலாது. மூலையிலை இன்னொண்டு பேசாமல் இருக்கும்."

பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன். அந்தக் கணக்குகளைப் பற்றி அவ்வளவு அன்பாக யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சம்மதம் என்றேன். சாதகத்தில் எத்தனை பொருத்தம் என்று இந்தமுறை யாரும் எனக்குக் கேட்கும்படி சொல்லவில்லை.

அடுத்த நான்கு மாதமும் போனில் கணக்குகள் போய் வந்தன. அவர் துண்டைப் படம் எடுத்து அனுப்புவார். நான் பள்ளிக்கூட இடைவேளையில் செய்து திருப்பி அனுப்புவேன். எந்தக் கணக்கானாலும் அவருடைய முதல் பதில் "வேறை?" என்பதுதான். சில வேளை வேறு விடை இருக்கும், சில வேளை இருக்காது. இல்லை என்று நிறுவிக் காட்டினால், "அப்ப சரி" என்று ஒரு சிரிப்பு முகம் அனுப்புவார். அந்தச் சிரிப்பு முகத்துக்காக நான் இடைவேளைத் தேநீரையும் விட்ட நாட்கள் உண்டு.

உறவுக்காரர் சும்மா இருக்கவில்லை. பட்டதாரி ரீச்சருக்குச் சந்தை வியாபாரியா என்று பெரியம்மா வீட்டுப் பக்கம் கதைத்ததாக அறிந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் நான் வெடுக்கென்று பதில் சொன்னேன். ஆனால் எனக்குள்ளும் ஒரு சின்ன முள் இருந்தது. அதை நான் வெளியில் காட்டவில்லை, எனக்கேகூடக் காட்டவில்லை.

பொன்னுருக்கு நாள் வந்தது. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவது அது. எங்கள் பக்கத்தில் அது முடிந்தால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதன் பிறகு தாலி ஏறும் வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. பெண் தன் வீட்டுப் படலையைத் தாண்டவும் கூடாது. அதற்குப் பிறகு ஒரு கலியாணம் நின்றாலோ தள்ளிப்போனாலோ அந்த வீட்டுக்காரர் ஊருக்குள் முகம் காட்ட முடியாது. எங்களுக்கு இடையில் பதினொரு நாட்கள் இருந்தன.

அன்று மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டங்களோடு வந்தார்கள். வாழைப்பழச் சீப்பை எடுத்துவைத்த அம்மா, வெற்றிலைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை உருவினார்.

"கடைத்துண்டை மறந்துபோய் வைச்சிட்டினம் போலை."

நான் பாய்ந்து வாங்கினேன். தராசுத் துண்டு. பின்பக்கத்தில் நீலப் பேனையால் இரண்டு வரி இருந்தது. x இன் y ஆம் வலுவும், y இன் x ஆம் வலுவும் சமன். x இன் வர்க்கமும் y இன் கனமும் சமன். கீழே சின்ன எழுத்தில், "நேர் எண்கள் மட்டும். அவசரமில்லை, பதினொரு நாள் இருக்கு" என்று எழுதியிருந்தார்.

வந்த பெண்கள் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நான் அறைக்குள் கணக்கை முடித்துவிட்டேன். இரண்டு வரிக்கும் மடக்கை எடுத்தேன். இரண்டாவது வரியிலிருந்து x இன் மடக்கை y இன் மடக்கையின் ஒன்றரை மடங்கு என்று வந்தது. அதை முதலாவது வரியில் போட்டேன். இரண்டு பக்கத்திலும் y இன் மடக்கை நின்றது. அதால் பிரித்தேன். x என்பது y இன் ஒன்றரை மடங்கு. மிச்சம் தானாக வந்தது. y என்பது 9/4, x என்பது 27/8. எவ்வளவு வடிவான விடை! பிரதியிட்டுப் பார்த்தேன், அச்சொட்டாகப் பொருந்தியது. படம் எடுத்து அனுப்பினேன்.

"வேறை?" என்று வந்தது.

"வேறை இல்லை" என்று எழுதினேன்.

"இன்னொரு விடை இருக்கு. திரும்பப் பாருங்கோ."

திரும்பப் பார்த்தேன். வரி வரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குச் சரியாக இறங்கியது. அடுத்த நாள் காலையில் "இல்லை" என்றேன். அவர் பின்னேரம், "இருக்கு" என்றார். அதற்கு அடுத்த நாளும் அதே கதை. எனக்கு மருதாணி போட வந்த பெண்ணிடமும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் அவர், "நீங்கள் விட்ட இடம் எனக்குத் தெரியும். சொல்லட்டோ?" என்று கேட்டார்.

விட்ட இடம்! எனக்கு! எத்தனை பிள்ளைகளை இதே பாடத்தில் கரைசேர்த்திருக்கிறேன். போனை எடுத்து ஒரு மூச்சில் எழுதினேன்.

"இது மரக்கறிச் சந்தை இல்லை, பேரம் பேசி இன்னொரு விடை வாங்க. உயர்தரத்தில் உங்களுக்கு ஏன் புள்ளி போதாமல் போனது என்று இப்பத்தான் விளங்குது."

அனுப்பிவிட்டேன். அனுப்பியபோது நல்ல சுகமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. "சரி ரீச்சர்."

அவ்வளவுதான். கேணியடியில் கேட்ட "ரீச்சர்" இல்லை இது. அன்றைக்குப் பிறகு கணக்கு வரவில்லை, சிரிப்பு முகம் வரவில்லை. நான் எடுத்த இரண்டு அழைப்புக்கும் மணி அடித்து அடித்து நின்றது. நான் பிழை செய்யவில்லை, கணக்கு என் பக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு இரண்டு நாளைத் தள்ளினேன்.

கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மத்தியானம் போல அவருடைய தாயார் அம்மாவுக்குப் போன் எடுத்தார். அம்மா பின் குசினியில் அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தார். கலியாணப் பலகாரத்தில் முதல் சட்டி. போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகிக்கொண்டு, "ஓமக்கா, ஓமக்கா" என்றவர் கரண்டியை நிறுத்தினார். பிறகு, "தள்ளி வைக்கிறதோ? ஏனக்கா?" என்றார். சட்டியில் கிடந்த அரியதரங்களை அள்ளிப்போட்டுவிட்டு, எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்தார். அடுப்பையும் அணைத்தார்.

"கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமோ எண்டு அந்தப் பெடியன் கேக்குதாம். காரணம் சொல்லுதில்லையாம். சரியாச் சாப்பிடுறதும் இல்லையாம்." அம்மா என்னை நேராகப் பார்த்தார். "நீ என்ன சொன்னனி?"

நான் போனைக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். கணக்கு அவருக்கு விளங்கியிருக்காது. அந்தக் கடைசிச் செய்தி விளங்கியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அம்மா திட்டவில்லை. போனை என் மடியில் வைத்துவிட்டு, "கணக்கு நீ சொன்னது சரியே?" என்று மட்டும் கேட்டார்.

"சரி."

"அப்ப என்ன செய்யிறது" என்று சொல்லிக்கொண்டு வெளியில் போய் மாமரத்தடியில் இருந்தார். அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார்.

நான் அறைக்குள் வந்து இருந்தேன். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. லீவு எடுக்கும்போது திருத்திக் கொடுப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்த பரீட்சைத் தாள்கள் மேசையில் கிடந்தன. சிவப்புப் பேனையை எடுத்தேன். பத்துத் தாள் போயிருக்கும். ஒரு பிள்ளை x இன் வர்க்கம் 5x க்குச் சமன் என்ற இடத்தில், இரண்டு பக்கத்தையும் x ஆல் பிரித்து, x ஐந்து என்று முடித்திருந்தாள். பூச்சியம் என்ற விடையைக் காணோம். வருடம் முழுவதும் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்தப் பிழையை ஒரு பிள்ளையாவது செய்யாமல் விடாது. வட்டம் போட்டு, எப்போதும் எழுதுவதையே எழுதினேன். பிரிக்க முன் அது பூச்சியமா என்று பார்த்தாயா?

கேள்விக்குறியில் பேனை நின்றது.

நான் y இன் மடக்கையால் பிரித்தேன். அது பூச்சியமா என்று பார்த்தேனா? மடக்கை பூச்சியமாவது எப்போது? எண் ஒன்றாக இருக்கும்போது.

எழுதிப் பார்க்கத் தேவையே இல்லை. x ஒன்று, y ஒன்று. ஒன்றின் எந்த வலுவும் ஒன்றுதான். வர்க்கமும் ஒன்று, கனமும் ஒன்று. பெருக்கல் வாய்ப்பாடு படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கும் தெரிகிற விடை. 27/8 ஐயும் 9/4 ஐயும் கண்டுபிடித்த பெருமையில், நான் பிரித்த வேகத்தில் அதைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அவர் அது இருக்கு, இருக்கு என்று மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறார்.

கணக்குப் பிழைத்தது பெரிய விசயமில்லை. கணக்குப் பிழைக்காத கணித ரீச்சர் எங்கே இருக்கிறார். எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது வேறு. இதையே பள்ளிக்கூடத்தில் இன்னொரு ரீச்சர் சொல்லியிருந்தால், ஓடிப்போய் வேறொரு வழியால் செய்து பார்த்திருப்பேன். சொன்னவர் அவர் என்றபடியால் நான் பார்த்த வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். சந்தையில் நிற்கிறவருக்கு என்ன தெரியும் என்று நான் முதலே முடிவு கட்டியிருந்தேன். பெரியம்மா வீட்டார் வாயால் சொன்னதை நான் மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமரத்தடிக்குப் போனேன்.

"அம்மா, கணக்கு என்ரை பிழை. அவர் சொன்னதுதான் சரி."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் என் வாயால் "என்ரை பிழை" என்று அவர் கேட்டது எத்தனை தடவை என்று எண்ணினால் ஒரு கை விரலே மிச்சம் வரும்.

"அப்ப போன் எடுத்துச் சொல்லன்."

"எடுக்கிறார் இல்லை. எழுதி அனுப்பவும் மனம் வரேல்லை. எழுதித்தானே கெடுத்தனான். நேரை சொல்ல வேணும். ஆனால் இப்ப பாக்கக் கூடாதே?"

அம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். சகுனம், நாள், நட்சத்திரம் பார்க்காமல் ஒரு தேங்காயும் உடைக்காத மனுசி. தடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பாக்கக் கூடாது எண்டுதான் சொல்லியிருக்கு" என்றார் அம்மா. "கதைக்கக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. படலை தாண்டுற குற்றத்துக்கு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறன், நீ நாளைக்கு விடிய ஸ்கூட்டரிலை போ. ஹெல்மெட்டைக் கழட்டாதை. அவரின்ரை முகத்தைப் பாராதை, உன்ரை முகத்தையும் காட்டாதை."

மறுநாள் விடிந்ததும் புத்தூர்ச் சந்தியால் திரும்பி மீசாலைப் பக்கம் போகும் வீதியில் ஸ்கூட்டரில் போனேன். கடல்நீரேரியின் உப்புக் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதுக்குள் இரைந்தது. வழி நெடுக என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் ஒரு பாடத்துக்கு நான் இவ்வளவு ஆயத்தம் செய்ததில்லை. கொடிகாமம் சந்தை ஏற்கெனவே சூடு பிடித்திருந்தது. தேங்காய்க் குவியல்களையும் கத்தரிக்காய்ச் சாக்குகளையும் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். கையில் மருதாணியும் தலையில் ஹெல்மெட்டுமாக ஒருத்தி முழுசிக்கொண்டு திரிவதைச் சந்தையே பார்த்தது.

முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் அவருடைய லொறி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். அக்கா என் கையைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார். விசயம் விளங்கிவிட்டது. என்னை இழுத்துக்கொண்டுபோய் வாழைக்குலை ஏற்றியிருந்த ஒரு லொறியின் இந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சத்தம் வைத்தார்.

"தம்பி, உன்ரை பொம்பிளை வந்து நிக்கிறா! இஞ்சாலை வந்திடாதை, அங்கையே நில்!"

சந்தையில் கால்வாசி திரும்பிப் பார்த்தது. லொறிக்கு அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. குனிந்தபோது லொறிக்கு அடியால் இரண்டு கால் தெரிந்தது. நீலச் செருப்பு, விரலில் மண். கால் பார்ப்பது பார்த்ததாகக் கணக்கில் வருமா என்று தெரியாமல் நான் நிமிர்ந்துகொண்டேன்.

ஆயத்தம் செய்த எல்லாம் மறந்துபோனது.

"ஒண்டும் ஒண்டும்" என்றேன். "x உம் ஒண்டு, y உம் ஒண்டு. நான் மடக்கையாலை பிரிக்கேக்கை அது பூச்சியமோ எண்டு பாக்கேல்லை. பிள்ளையளுக்குச் சொல்லுறதை நான் செய்யேல்லை."

"ஓம்" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. குரல் தட்டையாக இருந்தது.

"மரக்கறிச் சந்தை எண்டு எழுதினது பிழை. புள்ளியைப் பற்றி எழுதினது அதைவிடப் பிழை. மன்னியுங்கோ."

யாரோ தராசுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

"கணக்குக்கு நான் கோவிக்கேல்லை" என்றார் பிறகு. "எனக்கும் எத்தினையோ பிழைச்சிருக்கு. நீங்கள் அதை எழுதின வேகத்தைத்தான் யோசிச்சனான். ஒரு நிமிசத்திலை எழுதிப்போட்டியள். கோவத்திலை வந்த சொல்லு மாதிரி இல்லை. முதலே மனசிலை இருந்தது மாதிரி இருந்தது. அப்பிடி இருந்தால் காலம் முழுக்க அது இருக்குமே எண்டு பயமாப் போச்சுது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் மூலையில் பேசாமல் இருக்கும் விடையையும் தேடிப் பார்க்கிறவரிடம் பாதி விடையைக் கொடுத்துவிட்டு எப்படி வருவது?

"இருந்தது" என்றேன். "எனக்கே தெரியாமல் இருந்தது. நேற்றுத்தான் கண்டன். இப்ப முழுக்கப் போயிட்டுது எண்டு சொன்னால் அது பொய். ஆனால் எனக்கு வெக்கமா இருக்கு. உங்கடை 'வேறை?' வராமல் இந்த மூண்டு நாளும் எனக்கு ஒண்டும் செய்ய ஏலேல்லை. நீங்கள் தள்ளி வைக்கிறதெண்டால் வையுங்கோ. வேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

ஹெல்மெட்டுக்குள் அழுவது எவ்வளவு கரைச்சல் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். கண்ணையும் துடைக்க முடியாது, மூக்கையும் துடைக்க முடியாது. முருங்கைக்காய் அக்கா தன் பாட்டில் கட்டைக் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

லொறிக்கு அந்தப் பக்கம் சீப்பிலிருந்து பழம் பிய்க்கிற சத்தம் கேட்டது. குலைகளுக்கு மேலால் ஒரு கை வந்தது. கை மட்டும்தான். அதில் கப்பல் என்கிற இனத்து வாழைப்பழம் நாலு. அப்பாவின் தோட்டத்துப் பழமாகவும் இருக்கலாம். எட்டி வாங்கிக்கொண்டேன்.

"காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டீர்" என்றார் அவர். குரல் தட்டையாக இல்லை. "இஞ்சாரும், வெயிலேற முதல் வீட்டை போம்."

நான் வாழைப்பழத்தோடு அப்படியே நின்றேன். முருங்கைக்காய் அக்காவின் கையும் நின்றுவிட்டது.

"என்ன, கேட்டதே?" என்றார் அவர்.

"ஓம்" என்றேன். "போறன்."

திரும்பி வரும்போது வீதியில் ஓர் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலு பழத்தையும் சாப்பிட்டேன். நல்ல பசி.

படலையடியில் அம்மா காத்துக்கொண்டு நின்றார். அப்பா தோட்டத்துக்குப் போகாமல் விறாந்தையில் இருந்தார். அவருக்கும் சொல்லியாகிவிட்டது போலிருந்தது.

"பாத்தனியோ?" என்றார் அம்மா.

"இல்லை. காலும் கையும்தான்."

"என்ன சொன்னவர்?"

"வெயிலேற முதல் வீட்டை போகச் சொன்னவர்."

"அவ்வளவுதானோ? கலியாணத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?" அம்மாவின் முகம் வாடியது. "எப்பிடிச் சொன்னவர்? சொன்ன மாதிரியே சொல்லு."

நான் சொன்ன மாதிரியே சொன்னேன். "'இஞ்சாரும், வெயிலேற முதல் வீட்டை போம்' எண்டவர்."

அப்பா மறுபக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு நேரே பின் குசினிக்குப் போய், நேற்று இறக்கி வைத்த எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தார்.

"கையைக் கழுவிப்போட்டு வா" என்றார் உள்ளேயிருந்து. "மா புளிக்கப்போகுது."